ஆயுத பூஜையும் என் சர்வர் பெட்டியும்

நாலைந்து வருடம் இருக்கும். ஓர் ஆயுத பூஜை அன்று, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் நடந்தது இது. பாதி அங்கே நடந்தது என்று சொல்வதுதான் சரி. மீதிப் பாதி, பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில், அம்மா சாமிப் படங்களுக்கு முன்னால் போட்டிருந்த மணைப்பலகையின் மேல் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அம்மாவும் அப்பாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்தவர்கள். பிறகு அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு மில்லில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் சொல்வோம். நைனாவின் ஓவர்டைம் உழைப்பில் நான் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினேன். ஆனால் கிடைத்தது பேக்கிங் லைனில் வேலை. வண்டிகளுக்கான ரப்பர் வளையங்களைப் பார்த்து, துடைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். குறை சொல்ல மாட்டேன். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம் எல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் கேன்டீனுக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதற்குப் பின்னால் சிஸ்டம்ஸ் அறை. குளுகுளு என்று ஏசி, சின்னச் சின்னதாகக் கண் சிமிட்டும் விளக்குகள். அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் என் நடை தானாகவே மெதுவாகிவிடும்.

படித்தது மறந்து போய்விடக் கூடாது என்று வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். திருவள்ளூரில் மூடப் போன ஒரு பிரவுசிங் சென்டரில் வாங்கியது. நானும் நைனாவும் இரண்டு பஸ் மாறிக் கொண்டு வந்தோம். வழியெல்லாம் நைனா அந்தப் பெட்டியை மடியில் வைத்து, தன் துண்டை அதன் அடியில் மடித்துக் கொடுத்துக்கொண்டு, குழந்தையைப் போலப் பிடித்து வந்தார். கண்டக்டர், "இன்னா பெருசு, டிவியா?" என்று கேட்டதற்கு, "பையன் படிச்ச படிப்புப்பா இது" என்றார். இன்றைக்கும் அந்த ரூட்டில் பஸ்ஸைப் பார்த்தால் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும்.

அந்தப் பெட்டியைத்தான் நான் விபிஎன் சர்வராக மாற்றி வைத்திருந்தேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே எங்கே இருந்தாலும், இன்டர்நெட் வழியாக என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைய எனக்கு மட்டும் ஒரு தனிப் பாதை. மற்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டுப் போட்ட பாதை. கேன்டீனில் உட்கார்ந்து போனிலேயே வீட்டுப் பெட்டிக்குள் போய், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தங்கைக்கு வேண்டிய பாட வீடியோக்களை எடுத்து வைப்பேன். அவளுடைய ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய சின்னக் காமிராவையும் அதிலேயே மாட்டியிருந்தேன்.

பெட்டிக்குத் தேவையானது ஒன்றுதான், அது எந்நேரமும் ஓட வேண்டும். அதனால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, "யாரும் இந்த சுவிட்சைத் தொடக் கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தேன். கரண்ட் போய் வந்தால் யாரும் பட்டனை அமுக்காமல் அது தானாகவே எழுந்துகொள்ளும்படியும் செய்திருந்தேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு!

அந்தச் சமயத்தில் சிஸ்டம்ஸில் ஓர் இடம் காலியானது. அந்தப் பிரிவுக்கு ஒரு மேடம்தான் தலைமை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் லைனில் லேபிள் அடிக்கும் பிரின்டர் மக்கர் பண்ணியபோது ஒருமுறை நான் சரிசெய்திருந்தேன். அதைக் கேள்விப்பட்டு ஒருநாள் கேன்டீனில் என் எதிரில் வந்து நின்றார்.

"வீட்ல சர்வர் வச்சிருக்கியாமே?"

"ஆமா மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆயுத பூஜை அன்னிக்கு மெஷின் எதுவும் ஓடாது, எனக்கும் தலைவலி இருக்காது. பூஜை முடிஞ்சு வா. இங்கருந்து உள்ள போய்க் காட்டு. காட்டினா, அன்னிக்கே உன் பேரை மெயில் போடறேன். லீவு முடிஞ்சு வந்தா ஹெட் ஆபீஸ்ல வெளியாள் எடுத்துடுவாங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் சுவிட்சின் மேல் இன்னொரு டேப் ஒட்டினேன்.

ஆயுத பூஜை அன்று விடிகாலையில் பஸ் ஏறியதும் போனை எடுத்துச் சோதித்தேன். ஒரே தட்டலில் வீட்டுப் பெட்டிக்குள் போய்விட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

கம்பெனியில் அன்று வேறு வாசனை. எண்ணெய் நாற்றத்துக்குப் பதில் சாம்பிராணி. மோல்டிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் மாலை, சந்தனம். எல்லோரும் யூனிஃபார்ம் இல்லாமல் புதுச் சட்டையில் வந்திருந்ததால் பாதிப் பேரை அடையாளமே தெரியவில்லை. பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுத்தார்கள். என் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காமல் நான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மேடம் ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து, போனைக் கம்பெனி வைஃபையில் போட்டுத் தட்டினேன். "கனெக்டிங்" என்று வந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

"வீட்ல கரண்ட் இருக்கா?" என்றார் மேடம்.

"இருக்கும் மேடம். போனாலும் வந்ததும் தானா எழுந்துக்கும்."

மறுபடியும் தட்டினேன். மறுபடியும் சுற்றியது. "கம்பெனி நெட்டு தடுக்குதுன்னு நெனைக்கிறேன் மேடம்" என்றேன்.

"அந்தத் தடுப்பைப் போட்டதே நான்தான். தடுத்தா, தடுத்தேன்னு ஸ்கிரீன்லயே ஒழுங்கா சொல்லும். வேற பாரு."

என் போனின் நெட்டுக்கு மாறினேன். அதே கதை. அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தத் தனிப் பாதையின் கதவு எண் சரியா, பூட்டின் சாவி சரியா, தேதி சரியா? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஏசி அறையில் வேர்த்துக் கொட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மேடம் தன் பொரி பாக்கெட்டைப் பிரித்தார். கடலையை மட்டும் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில், எங்கள் ஊருக்கு நெட் லைன் கொடுக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, லைன் கட்டா?"

"லைனுக்கு இன்னா, சூப்பரா கீது. உங்க ஊட்டு நெட்டு பாக்ஸுதான் ஆஃப்ல கீது தம்பி. எனக்கு இங்க தெரியுது பாரு. நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாம ஊட்டுக்குப் போயி சுச்சியப் போடு!"

வீட்டுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. தங்கை தோழி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தெரியும். அம்மாவும் நைனாவும் எங்கே? திரும்பத் திரும்ப அடித்தேன். வெளியே பஸ் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டார். அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள்.

"இன்னாடா இத்தினி தபா அடிச்சிக்கினு கீற? உங்க நைனாகூட கோயிலாண்ட போயிருந்தேன்."

"அம்மா, என் பெட்டி சுவிட்சை யார்மா தொட்டது?"

"சுச்சிய நான் தொடவே இல்லடா. நீதான் டேப்பு ஒட்டி வச்சிக்கிறியே. ஒயரத்தான் புடுங்கினேன்."

"எதுக்கும்மா புடுங்கின?"

"எதுக்கா? இன்னிக்கு ஆயுத பூஜைடா. உங்க நைனா ஸ்பானரு, என் கதிரறுவா, பாப்பா புஸ்தகம் எல்லாம் சாமிகிட்ட ஒக்காந்துக்கினு கீது. உன் பெட்டி மட்டும் மூலையில கெடக்குமா? தொடச்சி, சந்தனம் வச்சி, பொட்டு வச்சி, நடுவுல வச்சிக்கிறேன். செவுத்துல ஆணி அடிச்ச சின்ன நெட்டு பாக்ஸு கழட்ட வரல. அதோட ரெண்டு கொம்புலயும் பொட்டு வச்சி, நிறுத்தி உட்டேன்."

"அம்மா, அது இப்பவே ஓடணும்மா. எடுத்து மாட்டும்மா" என்றேன்.

"கற்பூரம் காட்டியாச்சுடா. நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். நடுவுல எடுத்து வேல வாங்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். சின்ன வயதில் ஆயுத பூஜை என்றால் தெருவில் மற்ற வீடுகளில் டிராக்டருக்கும் பம்ப் செட்டுக்கும் மாலை விழும். எங்கள் பலகையில் ஓர் அரிவாளும் ஒரு மண்வெட்டியும் மட்டும் இருக்கும். அந்த இரண்டுக்கும் அம்மா அவ்வளவு பெரிய பொட்டு வைப்பாள். அன்று முழுக்க நாங்கள் ஒரு கத்தியைக்கூடத் தொட மாட்டோம். சாமியிடம் வைத்த கருவிக்கு அன்று ஓய்வு. இப்போது அந்தப் பலகையின் நடுவில், அரிவாளுக்கும் ஸ்பானருக்கும் இடையில், என் பெட்டியை வைத்திருக்கிறாள். அதை எடு என்று எந்த வாயால் சொல்வேன்?

"சரி விடும்மா" என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல. அப்படியே இருக்கட்டும்."

"டேய், குரலு ஒரு மாதிரி கீதே? இன்னாடா விஷயம்?"

"சிஸ்டம்ஸ்ல வேலைக்கு, அதைக் காட்டச் சொன்னாங்கம்மா. பரவாயில்ல. நான் வரேன்." போனை வைத்துவிட்டேன்.

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "வேற யாரையாவது போட்டுக்குங்க மேடம்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டார். "உன் பொரியை எடுத்துக்கோ. பஸ் கிளம்பப் போகுது" என்றார், அவ்வளவுதான்.

பொன்னேரி ஸ்டேஷன் வரை மேடமும் எங்கள் பஸ்ஸில்தான் வருவார். பஸ்ஸின் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, பஸ் கிளம்பியது. நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பூட்டிக் கிடந்த கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கேட்டிலும் மாவிலை. எனக்கு மட்டும்தான் அன்று ஊரே துக்கமாகத் தெரிந்தது.

கவரைப்பேட்டையை நெருங்கும்போது போன் அடித்தது. அம்மா. பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய், ஓட உட்டேன்டா உன் பெட்டிய!"

"அய்யோ, எடுத்துட்டியாம்மா?"

"எதுக்கு எடுக்கறது? அது சாமிகிட்டயே ஒக்காந்துக்கினு கீது. சாமி படத்துக்குப் போட்ட சீரியல் லைட்டைப் புடுங்கிட்டு, அந்த ஓட்டையில உன் ஒயர சொருவிட்டேன். செவுத்துல கீற பாக்ஸுக்கும் சுச்சு போட்டேன். வெளக்கு எரியுது, பச்சையா."

பின்னாலிருந்து நைனாவின் குரல் கேட்டது. "சாமி குத்தம் ஆயிடப் போகுது, பாத்துக்க!"

அம்மா அங்கே அவரை மடக்கினாள். "இன்னா குத்தம்? இன்னிக்கு ஆயுதத்தத் தொட்டு வேல செய்யக் கூடாது. அவன் எங்க தொடறான்? அவன் எங்கியோ பஸ்ஸுல கீறான். தொடாமத்தான செய்யப் போறான்?"

பஸ்ஸில் ஒருவன் கைதட்டினான். நான் சட்டென்று திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, என் பக்கத்தில் இருந்தவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ம், தட்டு" என்றார்.

தட்டினேன். சுற்றியது. முடியவில்லை என்று வந்தது.

இந்த முறை காரணம் புரிந்தது. சுவர் பாக்ஸை நிறுத்திப் போட்டதால், வெளியிலிருந்து எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கும் இன்டர்நெட் முகவரி மாறியிருக்க வேண்டும். புது முகவரி என்பது சில எண்களும் நடுவில் புள்ளிகளும்தான். ஆனால் அது வீட்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும். வீட்டில் இருப்பது எழுத்துப் படிக்கத் தெரியாத அம்மாவும் மூக்குக் கண்ணாடி உடைந்துபோன நைனாவும். ஆனால் அம்மாவுக்கு எண்கள் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர் எல்லாம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அந்த முகவரியைக் காட்டும் பக்கத்தின் சுட்டியை அவள் போனுக்கு அனுப்பினேன். "அம்மா, நீலக் கலர்ல வந்திருக்கும் பாரு, அதைத் தொடு. அதுக்கு முன்னாடி சிம் நெட்டை அணைச்சிடு, வீட்டு நெட்டுலதான் பாக்கணும்."

"ரெண்டு அம்புக்குறி மேலயும் கீழயும் பாத்துக்கினு இருக்குமே, அதுவா?"

"அதான்."

"அணைச்சிட்டேன். நீலத்தத் தொட்டேன். ஒரே நம்பரா வருதுடா. சொல்லட்டா?"

"சொல்லும்மா. நிறுத்தி நிறுத்திச் சொல்லு. நடுவுல புள்ளி வந்தா அதையும் சொல்லு."

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "ஒண்ணு... பூஜ்யம்... மூணு... புள்ளி..." பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஓர் எண் விழுந்துவிட்டது. "திருப்பிச் சொல்லும்மா." பின் சீட்டிலிருந்து மோல்டிங் செக்‌ஷன் அண்ணன் கத்தினார், "அம்மா, நல்லா சத்தமா சொல்லும்மா, பஸ்ஸே கேட்டுக்கினு கீது!"

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"கூட வேலை செய்யறவங்கம்மா. நீ சொல்லு."

"எல்லாரும் நாஷ்டா துன்னாங்களா? பொரி குடுத்தாங்களா?"

"அம்மா! நம்பரு!"

டிரைவர் பாட்டை நிறுத்தினார். பேச்சும் நின்றது. வாழை இலை காற்றில் படபடக்கும் சத்தம் மட்டும். அந்த அமைதியில், எங்கள் அம்மா ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, நான் அடிக்க, மேடம் என் தோளுக்கு மேலாகக் குனிந்து சரிபார்த்தார். கடைசி எண்ணை அடித்துவிட்டுத் தட்டினேன்.

சுற்றியது. சுற்றியது. பிறகு பச்சையானது.

நான் உள்ளே போய்விட்டேன். மணைப்பலகையில் உட்கார்ந்திருந்த என் பெட்டிக்குள், கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும் பஸ்ஸிலிருந்து.

மேடம் சும்மா விடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, யார் யாருக்குச் சாவி கொடுத்திருக்கிறாய், ஒருத்தர் போனைத் தொலைத்தால் அந்தச் சாவியை எப்படி நிறுத்துவாய் என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் திறந்து திறந்து காட்டினேன். கடைசியில், "இது என்ன, காமிரா மாதிரி?" என்றார்.

"தங்கச்சி கிளாஸுக்கு வாங்கினது மேடம். நேரலையாப் பாக்கலாம்." திறந்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் எனக்கும் புரியவில்லை. பிறகு கேட்டேன், "அம்மா, காமிராவுக்கு எங்க பொட்டு வச்ச?"

"அதுக்கு ஒத்தக் கண்ணுதான கீது? அந்தக் கண்ணு மேலதான் வச்சேன்!"

மேடம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள், போனில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். சிவப்புக்குப் பின்னால் ஆடிய அந்த வெளிச்சம், அம்மா ஏற்றிய காமாட்சி விளக்கு. "லைவ்தான், நம்பறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு மேடம் தன் போனை எடுத்தார். பொன்னேரி ஸ்டேஷனில் இறங்குவதற்குள் மெயில் போய்விட்டது. இறங்கும்போது படியில் நின்று, "அம்மாகிட்ட சொல்லு, சீரியல் லைட்டைத் திருப்பி மாட்டிடச் சொல்லி" என்றார்.

வீட்டுக்குப் போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன். அரிவாள், ஸ்பானர், நைனாவின் மஞ்சள் ஹெல்மெட், தங்கையின் புத்தகங்கள், நடுவில் பொட்டோடு என் பெட்டி. அதன் ஒயர் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் போயிருந்தது. நான் அதைத் தொடவில்லை. மறுநாள் அம்மா மறுபூஜை போட்டு, பெட்டியைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைத்து, "இப்ப எடுத்துக்க" என்று சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

அந்த வேலையிலிருந்து இன்னொரு வேலை, அதிலிருந்து இன்னொன்று என்று இப்போது சென்னையில் இருக்கிறேன். நான் கவனித்துக்கொள்ளும் சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆயுத பூஜை வந்தால் அவற்றுக்குச் சந்தனம் வைக்க வழியில்லை. நைனா மில்லிலிருந்து நின்றுவிட்டார். தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்தப் பழைய பெட்டி ஓடுவதையும் நிறுத்திவிட்டது. ஆனாலும் அம்மா ஒவ்வொரு வருடமும் அதைத் துடைத்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து, அதே நடு இடத்தில் உட்கார வைக்கிறாள். இனி ஓடாது என்று சொன்னால், "என் அறுவாகூடத்தான் அறுத்து எத்தினி வருசமாச்சு" என்கிறாள்.

எங்கோ இருக்கும் ஒரு மெஷின் பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, கூட வேலை செய்பவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு மட்டும் அந்தச் சிவப்புத் திரையும் அதற்குப் பின்னால் ஆடிய விளக்கும் கண்ணில் வந்து போகும். அந்தப் பக்கத்தில் யாரோ அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம் பொறுத்திருந்து, பிறகுதான் கையை வைப்பேன்.